மழைக்கு யார் சாட்சி

நடுப்பாலத் தோட்டம்,
கித்துல்கல.
2025 மே 19

திரு. நஜீப் அவர்களுக்கு,

உறையின்மேல் உங்கள் பதவியை முழுமையாக எழுதியிருக்கிறேன். பிரதம எழுதுவினைஞர், தாபனப் பிரிவு, தலைமை அலுவலகம், கேகாலை. எனக்கும் அந்தப் பதவி வந்திருக்கவேண்டிய ஒரு வருடம் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இதைத் தொலைபேசியில் பேசலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். வாயால் பேசியதை நினைவில்லை என்று சொல்லிவிடலாம் என்பதை 2011ஆம் ஆண்டு உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். இனி நமக்குள் எல்லாம் எழுத்தில். உங்களுக்கு மறதி அதிகம் என்பதால், தெரிந்ததையும் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

எங்கள் பிரதேச அலுவலகத்தில் தமிழ்ப் படிவத்தை வாசிக்கத் தெரிந்த எழுதுவினைஞன் நான் ஒருவன்தான். பொதுமக்கள் வரலாம் என்று ஒதுக்கிய நாள் புதன்கிழமை. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். பால் வெட்டுகிற ஒருவர் புதன்கிழமை பஸ் ஏறி எங்களிடம் வந்தால், தோட்டத்தில் அவருக்கு அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. நீங்கள் டவுன்காரர், ஆகையால் விளக்குகிறேன்.

ஆனால் காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் சிரட்டையில் விழாது, பட்டையில் வழிந்து வீணாகும். அன்றைக்கு வேலை இல்லை. அத்தனை பேரும் லயத்து வீடுகளில்தான் இருப்பார்கள்.

ஆகவே கடந்த ஒக்டோபரிலிருந்து, மழை பெய்யும் காலைகளில் ஆறு மணிக்கே எங்கள் பிள்ளைக் காம்பரா விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு உட்காருகிறேன். தாய்மார் வேலைக்குப் போனால் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. மழை நாளில் காலியாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, முதியோர் கொடுப்பனவு என்று ஒன்பது மணிவரை படிவம் நிரப்புகிறேன். பிறகு பஸ் பிடித்துப் பத்தரைக்கு அலுவலகம் போகிறேன். வரவுப் பதிவேட்டில், பிந்தியவர்களைப் பிரிக்கிற சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் என் கையெழுத்து விழும். அப்படிப் பதினொரு நாள் விழுந்துவிட்டது. அனுமதியின்றி வேலை நேரத்தை மாற்றினேன் என்று இப்போது குற்றப்பத்திரம் தந்திருக்கிறார்கள். நிரூபணமானால் தரம் குறையும், இடமாற்றமும் வரும். தமிழ்ப் படிவமே வராத ஏதோ ஒரு ஊருக்கு.

அரச ஊழியர்கள் வசதியான வேலை நேரத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று போன மாதம் திணைக்களத்தின் சுற்றறிக்கை வந்தது. தீர்மானிக்கிற மூவர் குழுவின் செயலாளர் நீங்கள். என் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது ஏற்கப்பட்டால் குற்றப்பத்திரம் தானாக விழும் என்று சுற்றறிக்கையின் ஏழாம் பந்தி சொல்கிறது.

உங்களிடம் தயவு கேட்கவில்லை. காகிதத்தைத் தொலைக்காமல் குழுவின் முன் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
சி. ஏழுமலை


கேகாலை
மே 27

அன்பு ஏழுமலை மச்சானுக்கு,

என்னைத் 'திரு.' போட்டுக் கூப்பிடுவது மின்சாரப் பில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் என் ஹபீஸாவுக்குக் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இவருக்கு இன்னும் ஒங்கட மேல கோவம் ஈக்கிது. நல்லம். கோவம் இல்லாட்டி எழுதியிருக்கமாட்டார்" என்றாள்.

விண்ணப்பம் பத்திரமாக இருக்கிறது. குழுவின் முன்னும் வைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், சிரித்தார்கள்.

மற்ற விண்ணப்பங்களைப் பார்த்தால் உனக்குப் புரியும். பிள்ளையைப் பாடசாலையில் விடவேண்டும், ஆகவே ஏழரையிலிருந்து மூன்றேகால். அம்மா நோயாளி, ஆகவே திங்கட்கிழமை வீட்டிலிருந்து வேலை. எல்லாம் கடிகாரத்தில் இருக்கிற நேரம். உன்னுடையதில் 'கோரும் வேலை நேரம்' என்ற கூட்டில் என்ன இருக்கிறது? "மழை பெய்யும் காலைகளில் 6.00 முதல் 9.00 வரை தோட்டத்தில், 10.30 முதல் 3.15 வரை அலுவலகத்தில். மழை இல்லாவிட்டால் வழமைபோல்." கணக்காளர் ஐயா கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். நிமிடம் பிசகாமல் ஏழே முக்கால் மணித்தியாலம் வந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

தலைவி அம்மா சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மழைக்கு யார் சாட்சி?" இந்த மனிதர் நன்றாகத் தூங்கி எழுந்து பத்தரைக்கு வந்து, எங்கள் பக்கம் மழை என்று சொன்னால் நாம் என்ன செய்வது? இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

2011 பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

உன் நஜீப்


நடுப்பாலத் தோட்டம்
ஜூன் 2

திரு. நஜீப் அவர்களுக்கு,

கிழித்தது நல்லது. உங்களுக்குப் பழகிய வேலை அது.

மழைக்கு யார் சாட்சி என்று கேட்கிற அம்மாவிடம் சொல்லுங்கள்: நனைந்தவர்கள் சாட்சி. நூற்றுப்பத்துக் குடும்பம் இருக்கிறது. வந்து கேட்கட்டும்.

நான் இதை எனக்காகத் தொடங்கவில்லை. எங்கள் லயத்தில் வெள்ளையம்மா என்று ஒருவர், பால் வெட்டுகிறவர். மகளின் பரீட்சைக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டும். நான்கு புதன்கிழமை புறப்பட்டார். ஒரு நாள் நான் பயிற்சிக்குப் போயிருந்தேன், ஒரு நாள் பொறுப்பதிகாரி லீவு, ஒரு நாள் படிவம் முடிந்துவிட்டது. நான்காம் நாள் பஸ் வரவில்லை. நான்கு நாள் பேர் போயிற்று. ஐந்தாவதாக, மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். செவ்வாய்க்கிழமை பொதுமக்கள் நாளல்ல என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

அடுத்த மழை நாள், விடிந்தும் விடியாமலும் என் கதவைத் தட்டினார். காகிதங்கள் ஷொப்பிங் பையில் சுருட்டி இடுப்பில் இருந்தன.

"என்னாங்கய்யா, எங்களுக்கு வேல இல்லாத அன்னிக்கி ஒங்க ஆபீசு கதவ சாத்திக்குது. ஒங்க ஆபீசு தொறக்குற அன்னிக்கி எங்களுக்கு மரம் இருக்கு. ரெண்டு பேருமே கவர்மென்டு பாத்து வச்ச மாப்புள பொண்ணு மாதிரி, மூஞ்சியவே பாக்க முடியாதுபோல."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். அதற்கடுத்த மழைக்கு ஒன்பது பேர் நின்றார்கள். அதற்கடுத்த மழைக்கு முப்பது பேர்.

வேலை எப்படி நடக்கிறதென்றும் தெரிந்துகொள்ளுங்கள். மழை எட்டு மணிக்கு விட்டால், மரம் காய்ந்ததும் கங்காணி ஹோர்ன் அடித்துப் பிந்திய வெட்டுக்குக் கூப்பிடுவார். அப்போது என் வரிசை கலைந்துவிடும். ஆகவே நான் வந்த ஒழுங்கில் ஆட்களைக் கூப்பிடுவதில்லை. கிழக்குப் பார்த்த மேட்டுமலைக்கு முதலில் வெயில் விழும், முதலில் காயும். அந்த மலையில் வெட்டுகிறவர்களை முதலில் முடித்து அனுப்புவேன். ஆற்றோரத் துண்டுக்காரர்கள் கடைசி. இதை எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் அப்பா அந்த ஆற்றோரத் துண்டில் முப்பது வருடம் வெட்டினார்.

2011 பற்றி நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். இதே தோட்டங்களின் நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள் இருந்த கோப்பு அலுவலகத்திலிருந்து காணாமல் போனது. அப்போதைய மேலதிகாரி தன் சாரதியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அறையில் இருந்தது நாம் இருவர். நீங்கள் பார்த்தீர்கள். விசாரணையில் "நினைவில்லை" என்றீர்கள். தொலைத்தவன் நான் என்று எழுதி முடித்தார்கள். பதவி உயர்வு போனது. அதைவிட, கோப்பைத் தொலைத்தவன் என்று இந்த லயத்து ஆட்களே என்னை நான்கைந்து வருடம் பார்த்தார்கள்.

ஏழுமலை


கேகாலை
ஜூன் 13

ஏழுமலைக்கு,

பெருநாள் முடிந்து கந்தோர் திறந்ததும் உன் கடிதம் மேசையில் இருந்தது. ஹபீஸா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தை எல்லாருக்கும் பங்கிட்டேன். எனக்கு இறங்கவில்லை.

ஆம், பார்த்தேன். அந்த மாதம் என்னைக் கேகாலைக்கு மாற்றும் கடிதம் அந்த மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஹபீஸாவுக்கு எட்டு மாதம். இது நியாயமென்று சொல்லவில்லை. பயந்தேன் என்று சொல்கிறேன். அதைச் சொல்லப் பதினான்கு வருடம் பிடித்தது.

இப்போது உன் விஷயம். தலைவி அம்மா கெட்டவர் அல்ல. அவர் சொல்கிறார்: தோட்டத்தில் வேலை செய்வதை ஏற்கலாம், ஆனால் நாள் நிச்சயமாக இருக்கவேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஆறு முதல் ஒன்பது என்று மாற்றி எழுதினால் அடுத்த வாரமே அனுமதி தருவாராம். குற்றப்பத்திரமும் போய்விடும். மச்சான், கையை நீட்டி வாங்கிக்கொள். பிறகு மழையைப் பற்றி யோசிக்கலாம். உன்னைக் கெஞ்சுகிறேன்.

நீ முறைத்துக்கொண்டு நின்றால் ஜூலை 22 கூட்டத்தில் முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிடுவார்கள். அதற்குப்பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நஜீப்


நடுப்பாலத் தோட்டம்
ஜூன் 20

நஜீபுக்கு,

பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்தேன். அதற்கு மேல் இன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

உன் புதன்கிழமையைப் பரீட்சித்துப் பார்த்தேன். ஜூன் 18, நல்ல வெயில். சொந்த லீவு போட்டு ஆறு மணிக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். மரத்துக்குப் போகிற வழியில் வெள்ளையம்மா, கையில் வாளியோடு, நின்று பார்த்தார்.

"இன்னிக்கி யாருக்குங்கய்யா கட போட்டிருக்கீங்க? காக்காவுக்கா?"

ஒரு ஆள் வந்தார். அவரும் காய்ச்சல்காரர்.

மறுநாள் வியாழக்கிழமை விடியற்காலையில் கொட்டியது. முப்பத்தாறு பேர் வந்து பிள்ளைக் காம்பராவில் நின்றார்கள். நான் சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைப்பதற்காக ஏழு மணி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். யன்னல் வழியாக அவர்களைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். கோப்பைத் தொலைத்தவனைப் பார்த்த அதே பார்வை.

புதன்கிழமையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அது என்னைக் காப்பாற்றும், அவர்களுக்கு ஒன்றும் தராது. உன் தலைவி அம்மாவிடம் சொல். மழை பெய்யும் காலைகளில் என்று எழுதியது எழுதியதுதான். ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

ஏழுமலை


கேகாலை
ஜூலை 7

ஏழுமலைக்கு,

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. போன வியாழக்கிழமை நான் உன் தோட்டத்துக்கு வந்தேன்.

புதன்கிழமை யட்டியந்தோட்டையில் ஹபீஸாவின் மச்சினன் வீட்டில் தங்கினேன். "மழ வராட்டி என்ன செய்வீங்க?" என்று ஹபீஸா கேட்டாள். லீவு மூன்று நாள் போட்டிருக்கிறேன், எப்படியும் ஒரு நாள் வரும் என்றேன். முதல் நாளே வந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு எதிரே மரத்தடியில் குடையோடு நின்றேன். நீ நிமிரவே இல்லை. ஒரு கிழவரை அதட்டிக்கொண்டிருந்தாய். "கையெழுத்து வைக்கத் தெரியும்னு சொன்னீங்கல்ல? அப்ப ஏன் பெருவிரல நீட்டுறீங்க?" அவர் சொன்னார், "பேனா ஒங்களுது சார், வெரல் என்னுது." சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது நாம் ஒரே அறையில் இருந்தபோது.

உன் முன்னால் வந்து நிற்கத் தைரியம் வரவில்லை. திரும்பினேன். தோட்ட ஒபிஸ் முற்றத்தைக் கடக்கும்போது ஒரு கிளாக்கர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, புல்லின் நடுவே குனிந்து ஒரு கண்ணாடிக் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மழ அளக்குறேங்க. ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அளந்து புத்தகத்துல எழுதணும். மழன்னா பேர் போடுற செக்ரோல்லயும் 'வெட்டு இல்ல'ன்னு எழுதித் துரை ஒப்பம் வைப்பாரு."

ஏழுமலை, நான் மழையில் அப்படியே நின்றுவிட்டேன். மழைக்கு யார் சாட்சி என்று ஒரு மாதத்துக்கு மேலாகக் கேட்கிறார்கள். மழைக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, திகதி இருக்கிறது, அளவு இருக்கிறது, ஒரு முகாமையாளரின் கையெழுத்தும் இருக்கிறது. எங்கள் வரவுப் பதிவேட்டைவிட ஒழுங்காக இருக்கிறது. இதை நீ ஏன் எனக்கு எழுதவில்லை?

உன் பதினொரு நாளையும் அந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிரதி எடுத்து அனுப்பு. 22ஆம் திகதிக்கு முன்.

நஜீப்


நடுப்பாலத் தோட்டம்
ஜூலை 11

நஜீபுக்கு,

என் வாசல்வரை வந்து ஒளிந்து நின்று பார்த்திருக்கிறாய். உனக்குப் பழக்கம்தான். இதை எழுதிவிட்டு வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். காலையில் பல் துலக்குவதை யாராவது கடிதத்தில் எழுதுவார்களா? நான் பிறந்த நாளிலிருந்து அந்தப் புத்தகம் அங்கே இருக்கிறது. மழை அளக்காத ஒரு ஒபிஸ் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் தலைவி அம்மா சாட்சி கேட்டபோது என்னை அவமதிக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று நினைக்கவில்லை. இந்த ஒரு இடத்தில் பிழை என்னுடையது. எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

துரையிடம் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். கொடுக்கமாட்டார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் சிங்களத்தில், "நீங்கதானா அது?" என்றார். ஒக்டோபருக்கு முன் புதன்கிழமைகளில் பதினான்கு பதினைந்து பேர் வேலைக்கு வராமல் எங்கள் அலுவலகத்துக்குப் போவார்களாம். வெயில் நாளில் அத்தனை மரம் வெட்டப்படாமல் நிற்குமாம். இப்போது மூன்று நான்கு பேர்தான். காரணம் தெரியாமல், புதிய கங்காணியின் திறமை என்று நினைத்து அவருக்குப் பாராட்டுக் கடிதமே கொடுத்துவிட்டாராம். அதைத் திருப்பி வாங்க முடியாது என்பதால் எனக்கு வேறொன்று தட்டச்சுச் செய்து தந்தார். இத்துடன் இருக்கிறது.

மழைப் புத்தகத்தின் பிரதியும் இருக்கிறது. பதினொன்றில் பத்துப் பொருந்துகிறது. மார்ச் 6 பொருந்தவில்லை. அன்றைக்கு ஒரு துளி இல்லை. நான் மேசை போடவும் இல்லை. என் மனைவி கோகிலா இறந்து அன்றோடு மூன்று வருடம். எழும்ப மனமில்லாமல் கிடந்தேன். மழை என்று குற்றப்பத்திரத்துக்கு விளக்கம் எழுதியபோது பதினொன்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். அது பொய். அந்த ஒரு நாளுக்கு அரை நாள் லீவை வெட்டிக்கொள்ளச் சொல். மீதிப் பத்தில் ஒரு நிமிடமும் தரமாட்டேன்.

ஏழுமலை


கேகாலை
ஜூலை 23

ஏழுமலைக்கு,

தந்தி அடிக்கிற காலமாக இருந்தால் நேற்றே அடித்திருப்பேன். நீ தொலைபேசியையும் எடுக்கமாட்டாய். ஆகவே உட்கார்ந்து முறையாக எழுதுகிறேன்.

கோகிலாவைப் பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஹபீஸா அழுதாள்.

கூட்டம் பத்து மணிக்கு. மழைப் புத்தகத்தின் பிரதியை மேசையில் விரித்தேன். பக்கத்தில் உன் வரவுப் பதிவேட்டை வைத்தேன். ஒக்டோபர் 15, முப்பத்தெட்டு மில்லிமீற்றர், வெட்டு இல்லை, நீ பத்தரை. நவம்பர் 4, ஐம்பத்தொன்று, வெட்டு இல்லை, நீ பத்து நாற்பது. கணக்காளர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பிடித்த இரண்டு பத்தி, இரண்டும் பொருந்துகின்றன. பத்தாவது வரியில் அவர் முகம் மலர்ந்தே விட்டது. மார்ச் 6க்கு வந்தபோது உன் ஒப்புதலை வாசித்துக் காட்டினேன். தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பத்துச் சரி என்று நிரூபித்துவிட்டு, பதினோராவது பொய் என்று தானே எழுதித் தருகிறாரா?" என்றார். ஆம் என்றேன். துரையின் கடிதத்தைத் தானே எடுத்து வாசித்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கணக்காளர் உன் பழைய கோப்பைத் திறந்தார். "இவர் 2011இல் நாற்பத்திரண்டு விண்ணப்பங்களைத் தொலைத்தவர். இவரிடம் மேற்பார்வையின்றித் தோட்டத்தில் காகிதங்களைக் கொடுப்பதா?" என்று கேட்டார். தலைவி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். குழுச் செயலாளர் எழுந்து நிற்கத் தேவையில்லை, கால் தானாக எழுந்தது. அந்தக் கோப்பு சாரதியின் கையில் வெளியே போனதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். விசாரணையில் நினைவில்லை என்று சொன்னது நான்தான், நன்றாக நினைவிருந்தது என்றேன். சிங்களத்தில் சொன்னேன், எல்லாருக்கும் புரியவேண்டும் என்பதற்காக. பிறகு எழுதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன். என் மேல் நடவடிக்கை வரலாம். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிறது. வந்தால் வரட்டும். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹபீஸா, "இப்பதான் சோறு தின்ன மனசு வந்தீக்கிது ஒங்களுக்கு" என்றாள். உண்மைதான். இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

முடிவு இதுதான். உன் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. 'மழை பெய்யும் காலைகளில்' என்றே அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. தலைவி அம்மா அந்த இடத்தைத் தன் கையால் எழுதினார். சாட்சி தோட்டத்தின் மழைப் பதிவேடு. குற்றப்பத்திரம் விழுந்தது. மார்ச் 6க்கு அரை நாள் லீவு.

இன்னொன்றும் இருக்கிறது. இதே முறையை மாவட்டத்தில் இன்னும் நான்கு ரப்பர்த் தோட்டங்களில் தொடங்கச் சொல்லியிருக்கிறார். தமிழ் வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தர்கள் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே இந்த முறையில் வேலை செய்கிற ஒருவரின் பரிந்துரை வேண்டும். அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

நஜீப்


நடுப்பாலத் தோட்டம்
ஓகஸ்ட் 12

நஜீபுக்கு,

அனுமதிக் கடிதம் ஜூலை 30 வந்தது. எங்கள் பொறுப்பதிகாரி அதை மூன்று முறை வாசித்தார். மழை என்ற சொல்லை ஒரு அரசாங்கக் கடிதத்தில் முதன்முறையாகப் பார்க்கிறார் போலிருந்தது. பிறகு வரவுப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, எனக்கென்று தனிப் பக்கம் ஒன்றைத் திறந்தார். கோடு ஒன்றும் இல்லாத பக்கம். குற்றப்பத்திரத்தில் ஒப்பமிட்டவரும் அவர்தான். நான் நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஐந்து நாள் மழை இல்லை. கித்துல்கலையில், ஓகஸ்ட் மாதத்தில், ஐந்து நாள். வெள்ளையம்மா ஒவ்வொரு காலையும் என் வாசலைத் தாண்டும்போது வானத்தைக் காட்டி, "கடுதாசியக் கண்டு பயந்துருச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5ஆம் திகதி விடியற்காலை நாலரைக்குத் தொடங்கியது. ஆறு மணிக்கு நான் போனபோது மேசையை யாரோ முன்பே போட்டிருந்தார்கள். துரை தன் ஒபிஸிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் நான் உட்காரவில்லை, அந்தப் பெருவிரல் கிழவரை உட்காரவைத்தேன். ஐம்பத்திரண்டு பேர். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆறு மைல் நனைந்து வந்திருந்தார்கள். மேட்டுமலை முடிந்து, நடுமலை முடிந்து, ஆற்றோரத் துண்டில் கடைசி ஆளின் படிவத்தில் நான் முத்திரை குத்தியபோது எட்டு ஐம்பத்தைந்து. ஹோர்ன் அடிக்கவே இல்லை. அன்றைக்கு முழுவதும் மழை.

பத்தரைக்கு அலுவலகத்துக்குள் ஈரச் செருப்போடு நடந்தேன். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதினான்கு வருடத்தில் இவ்வளவு நிமிர்ந்து நான் அந்தக் கதவுக்குள் நுழைந்ததில்லை. ஐம்பத்திரண்டு படிவத்தையும் மேசையில் வைத்தபோது பழைய மின்விசிறிகூட நின்று பார்த்ததுபோல் இருந்தது. கரண்ட் போயிருந்தது, வேறொன்றுமில்லை.

நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி எனக்கும் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டமாட்டேன். இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை பிள்ளைக் காம்பராவில், எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். அந்த நாற்பத்திரண்டில் பதினேழு பேர் இன்னும் உயிரோடு இந்த லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியவேண்டியிருந்தது. வாசித்து முடித்தேன். பிறகு ஒரு அம்மா, "அப்ப நாங்கதான் ஒங்கள சும்மா ஏசிக்கிட்டு இருந்தோமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே தன் முதியோர் கொடுப்பனவு ஏன் தாமதமாகிறது என்று கேட்டார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். இந்தக் கடிதங்களில் ஒரு பொய் எழுதி, அதைத் திருத்தியும் விட்டேன். இன்னொன்று வேண்டாம். இன்னும் கொஞ்சக் காலம் பிடிக்கும்.

உன் விண்ணப்பம் வந்தது. பிரதம எழுதுவினைஞர் ஒருவர், ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது, கேகாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு மழை நேரம் கேட்டு என் பரிந்துரைக்கு அனுப்பியிருக்கிறார். அதை நான்கு நாள் மேசையில் வைத்திருந்தேன். ஒரு அதிகாரி காகிதத்தை வைத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். ஐந்தாம் நாள் கையெழுத்திட்டேன். இத்துடன் இருக்கிறது.

ஆனால் உனக்கு இந்த வேலை தெரியாது. எந்த மலை முதலில் காயும் என்று தெரியாமல் வரிசையைக் கூப்பிட்டால் பாதிப் பேர் படிவமில்லாமல் மரத்துக்கு ஓடுவார்கள். ஆகவே உன் தோட்டத்தில் தொடங்குமுன் இங்கே வந்து இரண்டு மூன்று மழை பழகு. மரத்தடியில் நிற்காதே, நேரே மேசைக்கு வா. ஹபீஸாவும் வரட்டும், பெண்களின் படிவத்துக்கு ஒரு பெண் இருந்தால் நல்லது. நான் எழுதுவேன், மச்சான், நீ பெயரைக் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடவேண்டும். தகரக் கூரையில் மழை விழும்போது, மெல்லப் பேசுகிறவனை இங்கே யாருக்கும் கேட்காது.

ஏழுமலை